வலமிருந்து ஆறாவது கட்டம்

வேலை குறைந்த மனிதனின் கடைக்கு எதிரே வெறுஞ்சுவர் இருந்தால் ஊருக்கு நல்லது. படம் கீறிய சுவர் இருந்தால் என்ன நடக்கும் என்பதற்குச் சாட்சி நான்தான். குற்றவாளியும் நான்தான்.

நான் நிந்தவூர்க்காரன். கல்முனைக்குப் பக்கத்து ஊரொன்றில் கலியாணம் முடித்து, எங்கள் பகுதி வழக்கப்படி பெண் வீட்டிலேயே குடியேறினேன். (எங்களில் பெண் புகுந்த வீடு போவதில்லை. மாப்பிள்ளைதான் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போவான்.) பிரதான வீதிக்கு மேற்கே, சுனாமிக்குப் பிறகு கட்டிக்கொடுத்த வீட்டுத்திட்டத்தில் மாமியின் வீடு. அதை மகளுக்குச் சீதனமாக எழுதிவிட்டு, மாமி பின்னறையில் இருந்துகொண்டார். நான் கடற்கரை வீதியில் ஒரு போட்டோ கொப்பிக் கடை திறந்தேன். கொப்பி எடுப்பேன், லமினேற் பண்ணுவேன், விண்ணப்பப் படிவம் நிரப்பிக் கொடுப்பேன். மிச்ச நேரத்தில் பத்திரிகையில் வரும் குறுக்கெழுத்துப் போட்டியை நிரப்புவேன். மிச்ச நேரம் என்பது காலை ஒன்பது மணியிலிருந்து மாலை ஆறு மணி வரை.

மாமியைப் பற்றி ஒன்று சொல்லிவிட வேண்டும். அவர் பழைய ஆள். மருமகனுக்கு முன்னால் வரமாட்டார், நேரே கதைக்கவும் மாட்டார். ஒரே வீட்டில், ஒரே கூரையின் கீழ், கதவுத் திரைக்கு அந்தப் பக்கம் அவர், இந்தப் பக்கம் நான். நடுவில் என் மனைவி ஸரீனா.

"மருமகனுக்கு இன்னும் சோறு வேணுமாண்டு கேளு புள்ள" என்று திரை கேட்கும்.

"போதுமெண்டு சொல்லுங்க" என்று நான் திரைக்குச் சொல்வேன்.

இரண்டும் இரண்டு பேருக்கும் நன்றாகவே கேட்கும். ஆனாலும் ஸரீனா இரண்டையும் இன்னொரு முறை எடுத்துச் சொல்லிவிட்டுத்தான் நகர்வாள். இப்படியே நாலு வருடம் போனது. மாமியின் குரல் எனக்கு மனப்பாடம், அவரிடமிருந்து எனக்கென்று நேராக ஒரு சொல் வந்ததில்லை.

இனிச் சுவர். என் கடைக்கு நேரெதிரே மீனவர் சங்கத்தின் நீண்ட மதில். நான் கடை திறக்குமுன்பே யாரோ அதில் படம் கீறியிருந்தார்கள். கடல், நாலு தோணி, வலை இழுக்கிற ஆட்கள், தென்னைகள், எங்கள் கடலில் நான் கண்டேயிராத அளவில் ஒரு டொல்பின். இதில் எனக்குப் பிரச்சினை எதுவுமில்லை. பிரச்சினை அடியில் இருந்தது. படத்துக்குக் கீழே, மதிலின் இடது முனையிலிருந்து கடலைப் பார்த்த வலது முனை வரைக்கும், உள்ளங்கை அகலத்தில் வரிசையாகக் கட்டங்கள். ஒன்று கடும் நீலம், இரண்டு சிவப்பு, ஒரு பச்சை, ஒரு மஞ்சள், பிறகும் ஒரு பச்சை, ஆனால் வேறு பச்சை. அலங்காரம் என்றால் ஓர் ஒழுங்கு இருக்கவேண்டும். இதில் ஒழுங்கே இல்லை. ஒருநாள் வேலையில்லாமல் எண்ணிப் பார்த்தேன், மொத்தம் இருபத்திரண்டு. அதில் ஒரு கட்டத்துக்கு மட்டும் கறுப்புக் கோடு கீறி, உள்ளே நிறம் பூசாமல் வெள்ளையாக விட்டிருந்தார்கள்.

குறுக்கெழுத்து நிரப்புகிறவனுக்கு வெறும் கட்டத்தைக் காட்டக்கூடாது. எனக்கு அன்றிரவு சோறு இறங்கவில்லை.

பக்கத்துக் கடை டெயிலர் ஹனீபா காக்காவிடம் சொன்னேன். (எங்களில் காக்கா என்றால் அண்ணன், ராத்தா என்றால் அக்கா.) அவர் அளவு நாடாவைக் கழுத்தில் போட்டபடி வீதியைக் கடந்து போய், கட்டங்களை அளந்து பார்த்துவிட்டு வந்தார்.

"எல்லாம் ஒரே அளவு. இதில என்னமோ இரிக்கி" என்றார்.

ஒரே அளவாக இருந்தால் ஏன் என்னமோ இருக்கவேண்டும் என்று நான் கேட்கவில்லை. அன்றிலிருந்து நாங்கள் இரண்டு பேரும் ஆராய்ச்சியாளர்கள். முதல் வாரம், கட்டங்கள் பஸ் நேர அட்டவணை என்று முடிவு செய்தோம். சிவப்பு அரச பஸ், மற்றதெல்லாம் தனியார் பஸ். ஒரு காலை முழுக்க வீதியில் நின்று பஸ்களை எண்ணிப் பார்த்ததில், எந்தப் பஸ்ஸும் எந்த அட்டவணைக்கும் ஓடுவதில்லை என்பது மட்டும் தெரிந்தது. இரண்டாம் வாரம், இது நூல் நிறம், மருதமுனைச் சாரனுக்கான கணக்கு என்றார் காக்கா. அந்த வரிசையில் சாரன் நெய்தால் உடுத்துகிறவனை நாய் துரத்தும் என்று அவரே பிறகு ஒத்துக்கொண்டார்.

படம் கீறியவரிடம் கேட்டிருக்கலாம் என்று நீங்கள் நினைப்பீர்கள். மதிலின் மூலையில் அவர் பெயரும் ஊரும் தெளிவாகவே இருந்தன: சிவா, தம்பிலுவில். பஸ் ஏறினால் போய்ச் சேர்ந்துவிடலாம். ஆனால் விடையைக் கேட்டு எழுதினால் அதில் என்ன கெட்டித்தனம்? எனக்குத் தேவைப்பட்டது விடையல்ல, அதை நான் கண்டுபிடித்தேன் என்று நாலு பேர் சொல்வது. இதை இப்போது எழுதும்போது கூச்சமாகத்தான் இருக்கிறது.

மூன்றாம் வாரம் காக்காவுக்கு ஞானம் பிறந்தது.

"தம்பி, நாம இடது பக்கத்தால பாக்கிறம். குர்ஆன எந்தப் பக்கத்தால ஓதுற?"

எனக்குப் புல்லரித்துவிட்டது. வலமிருந்து எண்ணினேன். வெள்ளைக் கட்டம் ஆறாவதாக வந்தது. ஞாயிறு ஒன்று, திங்கள் இரண்டு, அப்படியே போனால் ஆறு வெள்ளி. கட்டமும் வெள்ளை, நாளும் வெள்ளி! நாங்கள் இரண்டு பேரும் நடுவீதியில் கட்டிப்பிடித்துக்கொண்டோம். பின்னால் வந்த முச்சக்கரவண்டிக்காரர் ஹோர்ன் அடித்து, பெருநாள் இன்னும் வரவில்லையே என்றார்.

வீட்டுக்கு வந்து ஸரீனாவிடம் கைகளை விரித்து விளக்கினேன். அவள் கேட்டுக்கொண்டிருந்தாள். திரைக்குப் பின்னால் பாத்திரம் கழுவும் சத்தம் நின்றது.

"புள்ள, மருமகனுக்கு அந்தச் சுவரப் பத்தி அறியணுமெண்டா, கேக்கச் சொல்லு" என்றது திரை.

"மாமிக்குச் சுவரப் பத்தி என்ன தெரியும்?" என்று நான் சிரித்தேன். "இது கணக்கு."

திரைக்குப் பின்னால் பாத்திரச் சத்தம் திரும்பவும் தொடங்கியது. அந்தச் சிரிப்பை நினைத்தால் இன்றைக்கும் என் காதைப் பிடித்து நானே திருகவேண்டும்போல் இருக்கிறது.

புதன்கிழமை பேஸ்புக்கில் போட்டேன். மதிலின் படம், வெள்ளைக் கட்டத்தைச் சுற்றி நான் கீறிய சிவப்பு வட்டம், கீழே என் திருவாக்கு: "இருபத்திரண்டு கட்டங்கள். ஒன்று மட்டும் வெறுமை. வலமிருந்து ஆறாவது. இந்தக் கடற்கரைச் சுவர் ஒரு வெள்ளிக்கிழமையைப் பற்றி நமக்கு ஏதோ சொல்கிறது. சிந்திப்பவர்கள் சிந்திக்கட்டும்."

சிந்தித்தார்கள். அது நான் எதிர்பாராதது.

வியாழக்கிழமை காலை கடையைத் திறக்கப் போனால் வாசலில் வரிசை. கடை திறந்த நாளிலிருந்து நான் வரிசையைக் கண்டதில்லை. முதலில் நின்றவர் வீட்டு உறுதிப் பத்திரத்தை நீட்டினார்.

"தம்பி, இத லமினேற் பண்ணித் தாங்க, கெதியா. தண்ணி உள்ளுக்குப் போகாம நாலு பக்கமும் நல்லா ஒட்டுங்க."

"ஏன் காக்கா, என்ன விசேசம்?"

"உங்களுக்குத் தெரியாதா? வெள்ளிக்கிழம கடல் வருதாம். சங்கத்துச் சுவரில போட்டிரிக்காம்."

"ஆர் சொன்ன?"

"பெரிய ஆராய்ச்சிக்காரன் ஒருவன் பேஸ்புக்கில எழுதியிரிக்கான். கொழும்பு ஆளாம்."

நான் கொழும்புக்கு வாழ்க்கையில் மூன்று தரம் போயிருக்கிறேன், மூன்றும் பாஸ்போட் விஷயமாக. மெஷினைச் சூடாக்கிவிட்டு, தலையைக் குனிந்துகொண்டு ஒட்டத் தொடங்கினேன். உறுதிகள், அடையாள அட்டைகள், பிறப்பத்தாட்சிப் பத்திரங்கள். வெளியே முச்சக்கரவண்டிகள் மேற்கு நோக்கிப் போய்க்கொண்டிருந்தன. நாவிதன்வெளிப் பக்கம் வயல் வைத்திருப்பவர்கள், சொந்தம் உள்ளவர்கள், சொந்தம் இருப்பதாக அன்று காலைதான் நினைவு வந்தவர்கள் எல்லாரும் புறப்பட்டிருந்தார்கள். ஒரு வண்டியில் ரீவியைக் கட்டிப்பிடித்தபடி ஒருவர். இன்னொன்றில் மூன்று ஆடும் யாருடையதோ ஒரு மாமியும்.

அதுவரை எனக்கு உள்ளுக்குள் சிரிப்புத்தான். பயத்தோடு கலந்த சிரிப்பு. பிறகு ஒரு பெண் வந்தார். உறுதியும் இல்லை, அட்டையும் இல்லை. ஒரேயொரு போட்டோ. பழையதுமில்லை, பேரப்பிள்ளையின் பிறந்தநாள் படம்.

"போன முறை ஒரு படமும் மிஞ்சல்ல தம்பி. ஒருத்தர்ர முகமும் கையில இல்ல" என்றார். "இந்த முறை இதயாவது கொண்டு போகணும்."

படத்தை வாங்கி மெஷினுக்குள் விட்டேன். ஒட்டியதில் ஒரு மூலை சரிந்துவிட்டது. 'ராத்தா, கடல் ஒன்றும் வரவில்லை, எழுதிய மடையன் நான்தான்' என்று சொல்லியிருக்க வேண்டும். வாய் வரைக்கும் வந்தது. பின்னால் இருபது பேர் நின்றார்கள். சொல்லவில்லை.

வீட்டுக்குப் போனால் அக்கம்பக்கம் பாதி காலி. மேற்கே இருக்கிற வீட்டுத்திட்டத்தைக் கூட நம்பாமல் போயிருந்தார்கள்.

"நாமளும் போவமா? உம்மா வரமாட்டாவாம்" என்றாள் ஸரீனா. "அந்தச் சுவருக்குத் தான் பயமில்லையாம்."

வெள்ளி காலையே பள்ளிவாசல் ஒலிபெருக்கியில் அறிவித்துவிட்டார்கள். உரிய இடத்தில் விசாரித்தாயிற்று, அப்படி எந்த எச்சரிக்கையும் இல்லை, வதந்தியை நம்பவேண்டாம். ஜும்ஆத் தொழுகையும் நடந்தது, கடலும் அதன் பாட்டில் கிடந்தது. மாலையில் முச்சக்கரவண்டிகள் கிழக்கு நோக்கி வந்தன. ரீவிக்காரர் மட்டும் மறுநாள்தான் வந்தார். போன இடத்தில் மரியாதையாம்.

ஊர் வந்ததும் ஊருக்குக் கோபமும் வந்தது. என் பேஸ்புக் கணக்கு கடையின் பெயரில் இருந்தது. கடையின் பெயர் கடைக்கு மேலே இரண்டு முழ எழுத்தில் இருந்தது. சங்கத்துச் செயலாளர் வந்து, கையிலிருந்த போனையும் பெயர்ப் பலகையையும் மாறிமாறிப் பார்த்தார். அவருடைய உம்மாவுக்கு வயல் வரம்பில் ஓடிக் கால் சுளுக்கியிருந்தது.

"ஆராய்ச்சிக்காரரே, இந்தச் சுவர் இரிக்கிற வரைக்கும் இந்தக் கத ஓயாது. நாளைக்குக் காலையில அழிக்கிறம். வாசிச்ச ஆள் நீங்கதானே, அழிக்கிறதும் நீங்கதான்" என்றார்.

ஹனீபா காக்கா கடையை உள்ளே பூட்டிக்கொண்டு தைத்துக்கொண்டிருந்தார். அவரை நான் காட்டிக்கொடுக்கவில்லை என்பது இந்தக் கதையில் என் ஒரே நற்செயல்.

சனிக்கிழமை காலை. ஒரு வாளி வெள்ளைப் பெயிண்ட், அதைப் பூச ஒரு பிறஸ், என்னைச் சுற்றி ஊர். ஆட்கள் நோன்புப் பெருநாள் திடலுக்கு வருகிற மாதிரிப் பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு வந்திருந்தார்கள். எங்கிருந்து தொடங்குவது? மடையனுக்கும் ஒரு முறை உண்டே. வலமிருந்து தொடங்கினேன். கடல் பக்கத்து முனையில் முதலாவது நீலம். பிறகு சிவப்பு. பிறகு மண்ணிறம், மஞ்சள், இன்னொரு நீலம். ஐந்து கட்டம் போயிற்று. ஆறாவது என் வெள்ளைக் கட்டம். வெள்ளைக்கு மேல் வெள்ளை பூசுவதா விடுவதா என்று நான் பிறஸ்ஸைத் தூக்கியபடி யோசித்தேன். கூட்டத்தில் யாரோ சிரித்தார்கள்.

"மருமகன்! பிறஸ்ஸக் கீழ வைங்க."

அந்தக் குரல் எனக்கு மனப்பாடம் என்று சொன்னேன் அல்லவா. திரும்பினேன். கறுப்பு அபாயாவில் மாமி நிற்கிறார். திரை இல்லை. கதவு இல்லை. இரண்டடி பின்னால் ஸரீனா மூச்சு வாங்கிக்கொண்டு நிற்கிறாள். நாலு வருடப் பழக்கம் சும்மா விடுமா? நான் மாமியைத் தாண்டி ஸரீனாவைப் பார்த்து, "வைக்கிறனெண்டு சொல்லுங்க" என்றேன்.

கூட்டம் வெடித்துச் சிரித்தது. மாமி சிரிக்கவில்லை. நேரே மதிலின் இடது முனைக்குப் போய், முதலாவது கட்டத்தில் விரலை வைத்தார்.

"இது றஹ்மா ராத்தாட வீடு. வீதியால திரும்பினா முதல் கேற், கடும் நீலம். இது மீராசா வீடு, சிவப்பு. அடுத்த சிவப்பு அவர்ர தம்பிட, ஒரே பெயிண்ட் வாளியில மிஞ்சினத்த அடிச்சது. இது…"

ஒரு கட்டம், ஒரு வீடு. ஒரு நிறம், ஒரு வாசல் கேற். கடலோடு போன ஒழுங்கை அது, ஒரு சின்னத் தெரு. வீதியிலிருந்து கடல் வரைக்கும் தெற்குப் பக்கமாக நின்ற இருபத்திரண்டு வீடுகள், நின்ற வரிசையில். வீடுகளைக் கீற ஒருவருக்கும் ஞாபகம் போதவில்லை, கேற்றின் நிறம் மட்டும் எல்லாருக்கும் தெரிந்திருந்தது. தம்பிலுவில் சிவா வீட்டுத்திட்டத்துக்கு வந்து, வீடு வீடாக இருந்து கேட்டு எழுதிக்கொண்டு போயிருக்கிறார். நிறத்தைச் சொன்னவர்களில் அநேகர் பிறகு கடற்கரைப் பக்கமே போகவில்லை, அது சுவரில் வரிசையாக நிற்பது அவர்களுக்குத் தெரியாது. வரிசையைச் சொல்லிக்கொடுத்தவர் என் மாமி. நான் மூன்று வாரம் தேடிய விடை, மூன்று வாரமும் எனக்குச் சோறு போட்டுக்கொண்டிருந்திருக்கிறது.

"இந்தப் பச்ச எங்கட" என்றார் மாமி. ஸரீனா முன்னால் வந்து அந்தக் கட்டத்தைத் தொட்டாள். கடல் வந்தபோது அவளுக்கு ஏழு வயது. பச்சைக் கேற் அவளுக்கு ஞாபகம், அது சுவரில் இருப்பது தெரியாது. மாமி அந்த ஒழுங்கையைப் பற்றி வீட்டில் வாய் திறந்ததே இல்லை.

"மஞ்சள் எங்கட!" என்று கூட்டத்துக்குள்ளிருந்து ஒருவர். "அதுக்கு அங்கால எங்கட" என்று இன்னொரு பெண். செயலாளர் போனைச் சட்டைப்பைக்குள் வைத்துக்கொண்டார். அந்தப் படம் முந்திய நிர்வாகம் கீறுவித்தது, அவருக்கும் இது புதிது. மாமி ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டே வந்து, பதினாறாவது கட்டத்தில் நின்றார். அதற்கு அப்பால் அந்த வெள்ளைக் கட்டம், அதற்கும் அப்பால் ஈரம் காயாத வெள்ளை.

"கடல் பக்கத்து அஞ்சு வீட்டையும் அழிச்சுப் போட்டீங்க, மருமகன்" என்றார். குரலில் கோபம்கூட இல்லை. "முதல்ல கடல். இப்ப நீங்க."

நான் அழுதேன். முப்பத்தைந்து வயது ஆம்பிளை, கையில் பிறஸ்ஸோடு, ஊருக்கு முன்னால். கண்ணீரைத் துடைக்கப் போய் முகத்திலும் பெயிண்ட்.

கொஞ்சம் தேறியபிறகு, அந்த வெள்ளைக் கட்டத்தைக் காட்டி, "இது, மாமி?" என்று கேட்டேன். நான் அவரிடம் நேரே கேட்ட முதற்கேள்வி.

"அது என்ட தங்கச்சிட வீடு. கலியாணம் முடிச்சி மூணு மாசம். கேற் செய்யக் குடுத்திருந்திச்சி. பட்டறக்காரன் வெள்ளிக்கிழம கொண்டு வந்து மாட்டித் தாறண்டு சொல்லியிருந்தான்." மாமி அபாயாவின் நுனியால் அந்தக் கட்டத்திலிருந்த தூசியைத் துடைத்தார். "அதுக்கு முதல் ஞாயிறு கடல் வந்திட்டு."

வெள்ளிக்கிழமை. நான் எண்ணிக் கண்டுபிடித்த அதே வெள்ளிக்கிழமை. தற்செயல்தான், எனக்குத் தெரியும். ஆனாலும் அன்றைக்கு வலமிருந்து இன்னொரு முறை எண்ணிப் பார்த்தேன்.

அன்றே பஸ் ஏறித் தம்பிலுவில் போய் சிவாவின் வாசலில் நின்றேன். அவர் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "ஒரு கோல் எடுத்திருந்தா போனிலயே சொல்லியிருப்பனே காக்கா" என்றார். திட்டியிருந்தாலும் பரவாயில்லை. பழைய கொப்பியைத் தேடியெடுத்துக்கொண்டு என்னோடு வந்தார். ஐந்து கட்டங்களையும் நான்தான் பூசினேன், அவர் நிறம் கலந்து தந்தார். பூசுவதற்கு ஒரு மணித்தியாலம், அந்த நீலம் சரியான நீலமா என்று உறவுக்காரர்கள் தங்களுக்குள் சண்டை பிடித்ததற்கு ஒன்றரை நாள். கடைசி வீட்டுக்காரருக்கு இன்றைக்கும் திருப்தியில்லை. எங்கட கேற் இவ்வளவு வெளிறலில்லை என்று கடைக்கு வந்து சொல்லிவிட்டுத்தான் கொப்பி எடுப்பார். நான் ஓம் ஓம் என்று கேட்டுக்கொள்வேன்.

அன்றைக்குப் பிறகு மாமி திரைக்குப் பின்னால் போகவில்லை. நேரேதான் கதைக்கிறார். நாலு வருடம் சேர்த்து வைத்தது முழுவதையும் கதைக்கிறார். நான் சாப்பிடும் வேகம், சேட்டுப் பொத்தான், வாங்கி வருகிற மீனின் கண், ஒன்றும் மிச்சமில்லை. ஸரீனா வேலை இழந்துவிட்டாள். வீட்டில் நான் எதையாவது ஆராயத் தொடங்கினால், மின்சாரப் பட்டியலோ தேர்தல் முடிவோ எதுவானாலும், பிள்ளைகள் உட்பட எல்லாரும் ஒரே குரலில், "மருமகன்! பிறஸ்ஸக் கீழ வைங்க!" என்பார்கள். நிந்தவூரில் என் உம்மா வீட்டுக்கும் அது போய்ச் சேர்ந்துவிட்டது. பெருநாளைக்குப் போனால் என் வாப்பாவே என்னை மருமகன் என்கிறார்.

மாரிமழை முடிந்ததும் ஒவ்வொரு வருடமும் அந்தக் கட்டங்களை நான் புதுப்பிக்கிறேன். சங்கம் அந்த வேலையை எனக்கே தந்துவிட்டது. மாமி பக்கத்தில் கதிரை போட்டு உட்கார்ந்து குறை சொல்வார். போன முறை வெள்ளைக் கட்டத்துக்கு வந்தபோது கேட்டேன்.

"மாமி, அந்தக் கேற் என்ன கலர் அடிக்க இருந்திச்சி?"

மாமி கதிரையை அந்தக் கட்டத்துக்குக் கிட்ட இழுத்துப் போட்டார்.

"நானும் தங்கச்சிட்ட கேட்டன் மருமகன். சொல்லமாட்டன் எண்டா. 'வந்த பொறகு பாருங்க ராத்தா' எண்டு சிரிச்சா."

நான் அதன் கறுப்புக் கோட்டை மட்டும் புதுப்பித்தேன். உள்ளே எதையும் தொடவில்லை. பிறகு, யாரும் சொல்லாமலே, பிறஸ்ஸைக் கீழே வைத்தேன்.